பதினேழாம் எண் கதைப்பெட்டி

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு விஜிதா பள்ளிக்கூட வாசலில் காரைத் திருப்பியபோது காவலர் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நீல நிறத் தொழிற்சாலைச் சட்டை. கழுத்தில் இன்னும் கழற்றாத அடையாள அட்டை. இரவு வேலை முடிந்து நேரே இங்கே வந்திருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

பின் இருக்கையிலிருந்து நிலானி எட்டிப் பார்த்தாள்.

"மா, அது துர்கேஸ்வரியோட அம்மா."

சண்டைக்கு வந்திருக்கிறாள். வரட்டும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டு மாதமாக கூலாய் நகரத்துத் தமிழ்ப்பள்ளியில் நடந்த வாசிப்புத் திட்டம் முழுக்க முழுக்க விஜிதா டீச்சரின் யோசனை. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்குப் பத்துக் கதைப்புத்தகம் படிக்க வேண்டும். பிடித்த ஒரு கதையைக் கதைப்பெட்டியாகச் செய்ய வேண்டும். பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்றில் ஜன்னல் மாதிரி சதுரமாக வெட்டி, இரண்டு பக்கமும் சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சிகளைச் செருகி, நீளமாக ஒட்டிய தாளில் காட்சி காட்சியாக வரைந்து குச்சியில் சுற்றிவிட வேண்டும். குச்சியைத் திருகினால் படம் நகரும். பிள்ளை கதை சொல்லும்.

பெற்றோருக்கு அனுப்பிய தாளில் அவளே தடித்த எழுத்தில் ஒரு விதி போட்டிருந்தாள். "பெரியவர்களின் கை படக்கூடாது."

அந்த விதியை முதலில் மீறியவளும் அவள்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலானி நடன வகுப்புக்குப் போயிருந்த நேரம், மகளின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மழையில் நனைந்து குடை கேட்டு அலையும் யானையின் கதை. யானைக்கு ஐந்து கால் இருப்பதுபோலத் தெரிந்தது. ஆசிரியை வீட்டுப் பிள்ளையின் வேலை இப்படியா இருக்கும் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று நினைத்தாள். கொஞ்சம் திருத்தலாம் என்றுதான் உட்கார்ந்தாள். எழுந்தபோது ஏழு காட்சிகளில் ஆறு அவளுடையவையாகியிருந்தன.

நேற்று வாசிப்பு விழா. மேசைகளில் பெயர் இல்லாமல் எண் மட்டும் ஒட்டிய கதைப்பெட்டிகள். தலைமை நடுவராகப் பக்கத்து ஊரான ரெங்கத்திலிருந்து வந்திருந்தவர் பிரேமளா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. விஜிதாவின் கணவன் யோகேந்திரனுக்கு மூத்த அக்காள். முதல் பரிசு பதினேழாம் எண்ணுக்குப் போனது. நிலானி மேடைக்கு ஓடினாள்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பரிசு அறிவிப்பதற்கு முன்னால், இருபத்திரண்டாம் எண் பெட்டிக்கு எதிரில் விஜிதா நின்றுவிட்டாள். கடலாமையின் கதை. கொறித்துத் துப்பும் குவாச்சி விதைகளின் தோலை ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை பிசகாமல் ஒட்டி ஆமையின் ஓடு. தண்ணீர் போத்தல்களில் சுற்றியிருக்கும் நீலப் பிளாஸ்டிக்கைக் கீறிக் கீறி அலை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பொறுமை வருமா? தான் செய்த காரியத்தை இன்னொருத்தியும் செய்திருப்பாள் என்று நம்புவது அவளுக்கு அந்த நிமிடம் மிகவும் சுலபமாக இருந்தது.

"இது யாரோடது?" என்று ஒலிபெருக்கியில் கேட்டாள். துர்கேஸ்வரி கையைத் தூக்கினாள்.

"இது பெரியவங்க செஞ்ச வேலை. விதின்னா எல்லாருக்கும் ஒன்னுதான்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தன் கையாலேயே எடுத்து மேடை ஓரத்தில் வைத்தாள். அந்தப் பிள்ளை அழவில்லை. தூக்கிய கையை இறக்கத்தான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது.

இதோ, அந்தப் பிள்ளையின் தாய் கஸ்தூரி கூண்டருகில் நிற்கிறாள்.

நிலானியை வகுப்புக்கு அனுப்பிவிட்டு விஜிதா அவளிடம் போனாள்.

"டீச்சர், மன்னிச்சிருங்க டீச்சர்" என்றாள் கஸ்தூரி.

விஜிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீங்க எதுக்கு..."

"நேத்து பிள்ளை வந்து சொல்லுச்சு, டீச்சர் என் பெட்டியை எடுத்து ஓரமா வெச்சிட்டாங்கன்னு. நான்தான் செஞ்சேன், நான்தான் செஞ்சேன்னு ஒரே சத்தியம். டீச்சர் சும்மாவா சொல்வாங்க, பொய் சொல்றியான்னு கேட்டு அடிச்சிட்டேன். நான் ராத்திரி ஷிஃப்டு போறப்ப பக்கத்து வீட்டு காளியம்மாகிட்ட விட்டுட்டுப் போவேன். அவங்க செஞ்சு குடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். அப்புறம் அவங்களைக் கேட்டா, அலாமாக், எனக்குக் கண்ணுல புரைம்மா, ஊசில நூலே கோக்க முடியல, நான் எங்க அதை ஒட்டறதுன்றாங்க."

கஸ்தூரி மூச்சு வாங்கினாள். தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரியெல்லாம் வேலையில அதையேதான் யோசிச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த ஜன்னல், டீச்சர். அதை நான்தான் வெட்டிக் குடுத்தேன். பேனாக்கத்தி, பிள்ளை கையை வெட்டிக்கும்னு. அது விதிப்படி தப்புன்னு எனக்குத் தெரியாது. தப்பு எம்மேலதான். பிள்ளையைத் திட்டிறாதீங்க. இன்னைக்கு ஸ்கூலுக்கே வரமாட்டேன்னு நேத்தே சொல்லிட்டா."

ஜன்னலை எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரியவர்கள்தான் வெட்டிக்கொடுத்திருந்தார்கள். அது விஜிதாவுக்குத் தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்கு அவளே வெட்டிக்கொடுத்தாள்.

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள்மேல் தப்பில்லை, உங்கள் பிள்ளைமேலும் தப்பில்லை என்று இரண்டே வாக்கியம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பள்ளி மணி அடித்தது. இரண்டு ஆசிரியைகள் "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டு கடந்து போனார்கள்.

"பரவாயில்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள் விஜிதா.

கஸ்தூரியின் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நன்றி டீச்சர்" என்று கையைக் கூப்பினாள்.

அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து போவதை விஜிதா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த நன்றி அடித்ததைப் போல வாழ்க்கையில் யாரும் அவளை அடித்ததில்லை.

காலை ஓய்வு முடிந்ததும் தலைமையாசிரியர் திருச்செல்வம் ஆளனுப்பினார். அவருடைய அறை மேசைமேல் பதினேழாம் எண் பெட்டி இருந்தது. பக்கத்தில் நிலானி, புதிதாகப் பின்னிய சடையோடு.

"வாங்க டீச்சர். மாவட்டப் போட்டிக்கு ஒரு சின்ன வீடியோ கேட்டிருக்காங்க. பிள்ளை பெட்டியைக் காட்டிப் பேசணும். நீங்களும் பக்கத்துல இருங்க" என்றார். கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தார். "சொல்லும்மா நிலானி. இந்தப் படமெல்லாம் யாரு வரைஞ்சா?"

நிலானி தாயைப் பார்த்தாள். ஒரே ஒரு கணம். அந்தப் பார்வை விஜிதாவுக்குத் தெரியும். ஒப்பிப்புப் போட்டியில் அடுத்த வரி சரிதானா என்று கேட்கும் பார்வை.

"நான்தான் சார்."

"யாரும் உதவி செஞ்சாங்களா?"

"இல்ல சார். பெரியவங்க கை படக்கூடாதுன்னு விதி இருக்கு."

"பாத்தீங்களா!" என்று சிரித்தார் திருச்செல்வம். "எது வரைய ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?"

நிலானி கொஞ்சம் யோசித்தாள். "யானையோட காதுதான் சார். மூனு தடவை அழிச்சு அழிச்சு வரைஞ்சேன்."

மூன்று தடவை அழித்தது உண்மை. அழித்தது விஜிதா. நடன வகுப்பு முடிந்து வந்த பிள்ளை வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறாள் என்பதே இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வெளியே நடைபாதையில் வந்ததும் நிலானி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மா, கரெக்டா சொன்னேனா?"

விஜிதா தூணில் சாய்ந்துகொண்டாள். எதிரில் சுவரில் அவளே பிள்ளைகளை வைத்து ஒட்டிய மணிலா அட்டை மரம். ஒவ்வொரு இலையிலும் ஒரு பிள்ளை படித்த புத்தகத்தின் பெயர். கோணல்மாணலான கையெழுத்துகள். பிள்ளைகள் புத்தகத்தைத் தேடி வரவேண்டும் என்று தொடங்கிய காரியம். அதில் தன் பிள்ளை எதைப் படித்துக்கொண்டாள் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

"வகுப்புக்குப் போ கண்ணு" என்றாள்.

பள்ளி விட்டதும் திருச்செல்வத்தின் அறைக்குத் திரும்பப் போனாள். கதவைச் சாத்திவிட்டு, உட்காராமலே, எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையை, ஆறு படங்களை, ஆமைப் பெட்டியை, காலையில் வந்த கஸ்தூரியை.

திருச்செல்வம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நல்ல மனிதர். கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. இப்போதும் கோபப்படவில்லை.

"எதுக்கு டீச்சர் எங்கிட்ட சொன்னீங்க?" என்றார் களைப்பாக. "இனிமே எனக்கும் தெரியும்னு ஆயிருச்சே."

"பரிசைத் திருப்பிக் குடுத்துடறேன் சார். அந்தப் பிள்ளைக்கு..."

"பேரு மாவட்டத்துக்குப் போயாச்சு. வீடியோவும் போயாச்சு. விழாப் படமெல்லாம் பேப்பருக்குக் குடுத்திருக்கேன். முதலாம் வகுப்புக்கு இந்த வருஷம் பதினோரு பிள்ளைங்கதான் வந்தாங்க, உங்களுக்கே தெரியும். ஒரு நல்ல பேரு கிடைச்சா அடுத்த வருஷம் நாலு பிள்ளை கூட வரும்னு நான் ஓடிக்கிட்டிருக்கேன். இப்ப போய், விழாவை நடத்தின டீச்சரே ஏமாத்திட்டாங்கன்னு சொன்னா என்ன ஆகும்?"

'ஏமாத்திட்டாங்க' என்ற சொல்லை அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அது அறையில் நின்றது.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆறுதல் பரிசு ஏற்பாடு பண்ணிடலாம். நல்ல கதைப்புத்தகமா நாலஞ்சு வாங்கிக் குடுங்க. இதோட விட்டுருங்க லா."

"நான் அவங்க வீட்டுக்குப் போறேன் சார்."

"அது உங்க விருப்பம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் தடுக்கல. போகச் சொல்லவும் இல்ல."

மேடை ஓரத்தில் நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது இருபத்திரண்டாம் எண் பெட்டி. யாரும் தொட்டிருக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு விஜிதா காருக்கு நடந்தாள்.

யோகேந்திரன் வெள்ளிக்கிழமைகளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் அலுவலகத்துக்குப் போவதில்லை. வீட்டிலிருந்தே வேலை. சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்து வைத்திருந்தவன், மனைவி சொல்லச் சொல்ல அதை மெதுவாக மூடினான்.

"ஆறு படமா?"

"ஆறு."

"நான் அதைப் போட்டோ எடுத்து எல்லா குரூப்லயும் போட்டேனே விஜி. ஆபீஸ்ல, அக்கா குரூப்ல, லண்டன்ல இருக்கற சித்தப்பாவுக்கு வரைக்கும். எம்மவ வரைஞ்சதுன்னு." மூடிய கணினியை ஓரமாகத் தள்ளினான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

"அதனாலதான் கேக்கறேன்."

அவன் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவன் எழுந்து போய்க் கார் சாவியை எடுத்தான்.

"நிலானியையும் கூட்டிட்டுப் போகணும்" என்றாள் விஜிதா.

"பிள்ளை எதுக்கு? அவளை ஏன் அங்க நிறுத்தணும்?"

"இன்னைக்கு சார்கிட்ட அவ அழகா பொய் சொன்னா. சொல்லிட்டு, சரியா சொன்னேனான்னு எங்கிட்ட கேட்டா. நான் உண்மை சொல்றதையும் அவ பாக்கணும்."

யோகேந்திரன் நிலானியின் செருப்பை எடுத்து வாசலில் வைத்தான்.

கஸ்தூரியின் வீடு நாலாவது மாடியில். மின்தூக்கி கிடையாது. யோகேந்திரன் கீழே காரிலேயே இருந்துகொண்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விஜிதா முன்னால் ஏற, நிலானி கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே பின்னால் வந்தாள்.

கதவைத் திறந்த கஸ்தூரி பதறிப்போனாள். "டீச்சர்! நீங்க எதுக்கு மாடியேறி... உள்ள வாங்க. டேய் துர்கேஸ், டீச்சர் வந்திருக்காங்க பாரு. தெ ஓ தேத்தண்ணி போடறேன், உக்காருங்க."

"வேணாம் கஸ்தூரி. நீங்க உக்காருங்க."

உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு துர்கேஸ்வரி நின்றாள். ஒல்லியான பிள்ளை. வலது உள்ளங்கையை மூடி வைத்திருந்தாள். கஸ்தூரி அடித்தது எங்கே என்று விஜிதா கேட்கவேண்டியிருக்கவில்லை.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் தடங்கலில்லாமல் பேசுகிறவளுக்கு இப்போது ஒரு வாக்கியம் கூடச் சேரவில்லை. கடைசியில் பிள்ளையைப் பார்த்தே சொன்னாள்.

"துர்கேஸ்வரி, உன் ஆமையை நீதான் செஞ்ச. எனக்கு இப்பத் தெரியும். நேத்தும் நான் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்காம சொல்லிட்டேன். பெரியவங்க செஞ்ச பெட்டி உன்னோடது இல்லம்மா. அது நிலானியோடது. நான் செஞ்சு குடுத்தேன்."

கஸ்தூரிக்கு உடனே புரியவில்லை. டீச்சரையும் நிலானியையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்தபோது அவள் அழவில்லை, கத்தவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"காலையில எங்கிட்ட பரவாயில்லன்னு சொன்னீங்களே டீச்சர்."

விஜிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் உங்களுக்கு நன்றி சொல்லிட்டு வந்தேன். பஸ்ல வர்றப்ப, எவ்வளவு நல்ல டீச்சர்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். வந்து, என் தப்புதான், நான் ஜன்னல் வெட்டினதாலதான் உன் பெட்டியை எடுத்துட்டாங்கன்னு பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க அதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னீங்க."

"ஆமா. நின்னேன்."

"இந்தக் கையில ரெண்டு அடி அடிச்சேன். ரோத்தான் பிரம்புல. இதுவரைக்கும் இவளை அடிச்சதே இல்ல. அதை நான் எப்படித் திரும்ப எடுக்கறது, சொல்லுங்க."

மன்னிப்பு என்ற சொல் விஜிதாவின் வாயில் வந்தது. இந்த அறையில் அது மிகவும் சின்னச் சொல்லாகத் தோன்றியது. ஆனாலும் சொன்னாள். கஸ்தூரி அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் துர்கேஸ்வரி பெட்டியருகே வந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து அதை மடியில் தூக்கி வைத்து, ஆமையின் ஓட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு தோல் விழுந்திருச்சு" என்றாள் தனக்குள்ளே சொல்லிக்கொள்வதுபோல.

நிலானி மெதுவாக அவள் பக்கத்தில் குந்தினாள். "இது குவாச்சியா? இவ்வளவும் நீயே தின்னியா?"

"நானும் காளியம்மா பாட்டியும்."

"எப்படி இப்படி வரிசையா ஒட்டுன?"

"கீழேருந்து ஒட்டணும். மேலேருந்து ஒட்டுனா வராது." துர்கேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "உன் பெட்டியில நீ வரைஞ்சது ஒன்னு கூட இல்லையா?"

"கடைசிப் படம் என்னோடதுதான். யானை தூங்குமே, அது. மத்ததை அம்மா எடுத்துட்டாங்க. என் யானை அசிங்கமா இருந்துச்சு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எடுத்துட்டாங்கல்ல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். குறை சொல்லும் குரல்கூட இல்லை. இன்று மழை வரும் என்று சொல்வதுபோல. விஜிதா ஒரு பிள்ளைக்குத்தான் கெடுதல் செய்தோம் என்று நினைத்து நாலு மாடி ஏறி வந்திருந்தாள். இன்னொரு பிள்ளை அவள் பின்னாலேயே படியேறி வந்திருக்கிறது. உன் கை போதாது என்று இரண்டு பேரிடமும் ஒரே செய்தியைத்தான் சொல்லியிருக்கிறாள். ஒருத்தியிடம் ஊரறிய. ஒருத்தியிடம் வாயே திறக்காமல்.

கஸ்தூரியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை.

"டீச்சர், நீங்க வீட்டுக்கு வந்து சொன்னது சரி. ஆனா இவளை நீங்க வீட்டுல வெச்சா சொன்னீங்க? எல்லாரும் இருக்கறப்ப சொன்னீங்க. இவ கூடப் படிக்கற பிள்ளைங்க, அதுங்களோட அம்மா அப்பா எல்லாரும் கேட்டாங்க. நீங்க அங்கதான் சொல்லணும்."

"திங்கக்கிழமை காலைச் சபையில சொல்றேன்."

"சார் விடுவாங்களா?"

"விட்டாலும் விடாட்டியும் சொல்றேன்."

கஸ்தூரி அவளை நம்புவதா வேண்டாமா என்று அளந்து பார்த்தாள். "நான் ஷிஃப்டு முடிஞ்சு நேரா அங்க வர்றேன். கடைசி வரிசையில நிப்பேன்" என்றாள்.

படியிறங்கும்போது நிலானி கேட்டாள். "சபையில நானும் மேடைக்கு வரணுமா?"

"வேணாம். நான் மட்டும் போதும்."

"பரிசைத் திருப்பிக் குடுக்கணுமா?"

"குடுக்கணும்."

நிலானி இரண்டு படி இறங்கினாள். "எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

"என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க கண்ணு. உன்னைப் பாத்தாலும் சிரிக்கலாம்." பிள்ளைக்கு இனி ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று நினைத்ததால் அதையும் சொன்னாள். "நான் செஞ்ச தப்புக்கு நீ அதைத் தாங்க வேண்டியிருக்கும். அதுக்கும் மன்னிச்சிரு."

நிலானி தாயின் கையைப் பிடிக்காமலே இறங்கினாள்.

கீழே மாலை வெயில் சாய்ந்து, எதிர் அடுக்குமாடியில் காயும் துணிகள் மஞ்சளாகத் தெரிந்தன. யோகேந்திரன் காருக்கு வெளியே நின்று தொலைபேசியைக் காதில் வைத்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் அதை நீட்டினான்.

"அக்கா. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்கிட்ட பேசணுமாம்."

விஜிதா வாங்கிக்கொண்டாள். திட்டு விழும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடங்களைக் கட்டி மேய்த்த பிரேமளாவின் நாக்குக்குக் குடும்பமே பயப்படும்.

"அக்கா, உங்களை நடுவரா கூப்பிட்டு வெச்சு நான் இப்படி..."

"இஞ்ச பார் பிள்ளை" என்று பிரேமளா இடைமறித்தார். குரலில் கோபம் இல்லை. அது விஜிதாவை இன்னும் பயப்படுத்தியது. "நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு இல்ல. நேத்து அந்த யானையைப் பாத்த உடனே எனக்குத் தெரியும். வருஷா வருஷம் என் பிறந்தநாளுக்கு யாரு வாழ்த்து அட்டை வரைஞ்சு அனுப்பறா? அட்டையில நீ போடற அந்தக் கண்ணை எனக்குத் தெரியாதா?"

விஜிதா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"தெரிஞ்சுமா முதல் பரிசு குடுத்தீங்க?"

"நம்பரைத்தான் எழுதினேன்னு சொல்லித் தப்பிக்கலாம். சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதான் குடுத்தேன்." பிரேமளா நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அந்த ஆமை பிள்ளை கை வேலைன்னும் எனக்குத் தெரியும். பசை அதிகமாகிப் பிதுங்கியிருந்துச்சே, பாக்கலையா? பெரியவங்க ஒட்டினா அப்படி வராது. நீ அதை எடுத்து ஓரமா வெச்சப்ப நான் மூனடி தள்ளித்தான் நின்னேன். வாயைத் திறக்கல."

"ஏன்க்கா?"

"அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா உன்னோடதும் வெளிய வரும். தம்பி வீட்டு மானம் போயிடும்னு பாத்தேன். அந்தப் பிள்ளை கையைத் தூக்கிக்கிட்டு நின்னதை நானும்தான் பாத்தேன். நேத்துலேருந்து எனக்கும் சோறு இறங்கல."

யோகேந்திரன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா என்ன சொல்கிறார் என்று கண்ணால் கேட்டான். அவள் கையை அசைத்து நிறுத்தினாள்.

"திங்கக்கிழமை சபையில சொல்லப் போறேன்க்கா. அந்தத் தாய்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"யோகன் சொன்னான், நீ அப்படித்தான் செய்வேன்னு." நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "நான் தலைமை நடுவர். என்னையும் கேப்பாங்க. என் பேரை என்ன செய்யப் போற?"

காலையிலிருந்து அவளிடம் எல்லோரும் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விஜிதாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் செஞ்சதை மட்டும்தான் நான் சொல்வேன். நீங்க செஞ்சதை நீங்கதான்க்கா சொல்லணும்."

பிரேமளா வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தாள். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேலே நாலாவது மாடித் தடுப்புச் சுவருக்குப் பின்னால் கஸ்தூரி வந்து நின்று கீழே பார்ப்பது தெரிந்தது.

"சபை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் பிரேமளா.

"ஏழரைக்கு."

"சரி" என்ற ஒற்றைச் சொல்லோடு அழைப்பு நின்றுபோனது.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்றான் யோகேந்திரன்.

"திங்கக்கிழமை வர்றாங்க" என்றாள் விஜிதா. தன் பக்கத்தில் நிற்க வருகிறாரா, தன்னைத் தடுக்க வருகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.